குழந்தை நெஞ்சில் இரக்கம்



இரக்கம் என்பது பிள்ளைக்கு நாம் வெளியிலிருந்து ஊட்டும் பண்டமன்று. அதன் வித்தை அல்லாஹுத்தஆலா பிறவியிலேயே இட்டு அனுப்புகிறான். பிறந்து சில நாட்களே ஆன சிசு, பக்கத்துத் தொட்டிலில் இன்னொரு சிசு அழுதால் தானும் அழுகிறது. இரண்டு வயதுப் பிள்ளை, அழும் பிள்ளையிடம் தன் பொம்மையைக் கொண்டுபோய் நீட்டுகிறது. நான்கு, ஐந்து வயதில்தான் 'என் மனம் வேறு, அவன் மனம் வேறு' என்பது அதற்கு நன்கு விளங்கத் தொடங்குகிறது. படிப்படியாக வளரும் இப்பயிருக்கு நீர் வார்க்கும் பொறுப்பு பெற்றோருடையது.

ஆனால் இன்று நம் வீடுகளில் நடப்பதென்ன? சோறு ஊட்டவும், அழுகையை அடக்கவும் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறோம். அதில் ஒருவன் சுடுகிறான். மற்றவன் விழுந்து மறைகிறான். எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. விழுந்தவனுக்கு வலித்ததா, அவனுக்காக அழ யாரும் உண்டா என்பது அந்த விளையாட்டில் வருவதேயில்லை.

பார்த்ததைச் செய்யும் பருவம்

1961-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 72 சிறு பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடித்து உதைப்பதைக் கண்ட பிள்ளைகள், தனியே விடப்பட்டபோது அதே விதமாக அடித்தனர். 1963-ல் அதையே படச்சுருளில் காட்டியபோதும் அவ்வாறே நடந்தது. 'பொம்மையைத்தானே அடித்தார்கள், மனிதரையா அடித்தார்கள்?' என்று மறுத்தவர்களும் உண்டு. வன்முறைக் காட்சி எந்த அளவுக்குக் கெடுக்கிறது என்பதில் இன்றும் அறிஞர்களிடையே வாதம் இருக்கிறது. ஆனால் சிறு பிள்ளை கண்டதைக் கற்கும் என்பதைத் தாய்மார்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இலக்காக்காதீர்

ஹழ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு வழியே சென்றபோது, குறைஷி இளைஞர் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தனர். இவர்களைக் கண்டதும் அவர்கள் சிதறி ஓடினர். உயிருள்ள ஒன்றை இலக்காக்குபவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அறிவித்தார்கள். அம்பு பழகுவது குற்றமன்று. அம்பெய்தல் சன்மார்க்கத்தில் விரும்பப்பட்டதே. உயிரை உயிரென்று பாராமல் வெறும் குறியென்று பார்த்ததே குற்றம். சுட்டு வீழ்த்தும் விளையாட்டுகளில் நாம் அஞ்ச வேண்டியதும் அந்தப் பார்வையைத்தான்.

மாறாக, பெருமானார் (ஸல்) அவர்கள் பிள்ளைகளிடம் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூஉமைர் வளர்த்த சிட்டுக்குருவி இறந்துபோனது. பிள்ளை வாடியிருப்பதைக் கண்டு, அந்தக் குருவி என்னவாயிற்று என்று அவனிடமே பரிவோடு விசாரித்தார்கள். பிள்ளையின் துக்கத்தைப் பெரியவர் மதிக்கும்போது, பிறர் துக்கத்தை மதிக்க அப்பிள்ளையும் பழகுகிறது.

செஞ்சிக் கதை கற்பிப்பது

அப்படியானால் பிள்ளைகளுக்குப் போர்க்கதையே சொல்லக் கூடாதா? செஞ்சியைப் பாருங்கள். ராஜகிரிக் கோட்டையைக் காண வரும் பிள்ளைகளுக்குத் தேசிங்குராஜன் கதை சொல்லாத பெரியவர் உண்டா? 1714-ல் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லா கானின் படையை எதிர்த்து அவன் மடிந்தான். அவனுடைய உயிர்த்தோழன் மகபத்கான் ஒரு முஸ்லிம். தன் திருமணத்தையும் விட்டுவிட்டு நண்பனுக்காகப் போர்க்களம் புகுந்து உயிர்விட்டான் என்று கதைப்பாடல் கூறுகிறது. கதை அத்தோடு நிற்பதில்லை. ராணியின் துயரத்தையும் சொல்கிறது. வென்ற நவாபே அவள் நினைவாக ராணிப்பேட்டையை அமைத்தார் என்பது மரபு. நவாபின் பெயரால் 1717-18-ல் எழுந்த பள்ளிவாசல் கோட்டைக்குள் இன்றும் நிற்கிறது.

இக்கதையிலும் வாளும் இரத்தமும் உண்டு. ஆனால் மடிந்தவனுக்குப் பெயர் உண்டு, நண்பன் உண்டு, அழுபவர் உண்டு. கேட்கும் பிள்ளை வெற்றியை மட்டும் கேட்பதில்லை, இழப்பையும் கேட்கிறது. கைப்பேசி விளையாட்டில் இல்லாதது இதுவே.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு வயது நிரம்பாத சிசுவுக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது.

2. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, திரைப்படங்களுக்கு 7, 13, 16 என வயதுக் குறியீடு உண்டு. அதைப் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பு பெற்றோரிடமே விடப்பட்டிருக்கிறது.

3. பிள்ளை எதைப் பார்த்தாலும் அருகே அமருங்கள். 'அடிபட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும்?' என்று கேளுங்கள்.

4. தம்பியை அடித்த பிள்ளையைத் திருப்பி அடிக்காதீர்கள். 'நீ அடித்ததால் அவனுக்கு வலிக்கிறது, பார்' என்று முகத்தைக் காட்டுங்கள்.

5. பூனைக்குப் பால் வைப்பதையும், ஏழைக்கு ஸதகா கொடுப்பதையும் பிள்ளையின் கையாலேயே செய்யுங்கள்.

கைப்பேசியைப் பிடுங்கி வைத்தால் மட்டும் போதாது. அது விட்ட இடத்தில் நம் மடியும் நம் பேச்சும் இருக்க வேண்டும். தம் பத்துப் பிள்ளைகளில் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸுக்கு, இரக்கம் காட்டாதவர் இரக்கம் பெறார் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) பதிலளித்தார்கள். இரக்கத்தைக் கண்டு வளரும் பிள்ளையே இரக்கம் காட்டும்.

நம் சந்ததிகளை இளகிய நெஞ்சுடையோராக வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.