அயலார் நடுவே அஞ்சாத விசுவாசம்



அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் பஸ் வண்டி திருக்கோவிலைக் கடந்து கோமாரியை நெருங்கும் வேளையில் ஒரு சிறு காட்சியைக் கண்டேன். வீதியோரத்துச் சிற்றாலயம் ஒன்று கண்ணில் பட்டதும், தாயின் மடியிலிருந்த பிள்ளை சிலுவை அடையாளம் வரையக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனது. தாய் அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டார். யாரும் அவர்களை ஏசவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து இருக்கையில் முக்காடிட்ட முஸ்லிம் தாய் ஒருவர் உதட்டளவில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். முன்னே நின்ற பெரியவரின் நெற்றியில் திருநீறு துலங்கியது. அந்த வண்டியில் தன் வேதத்தை ஒளித்தவர் நம்மவர் மட்டுமே.

அந்தத் தாயைக் குறைகூற இதை எழுதவில்லை. நாமும் அதே கையைப் பலமுறை இறக்கியவர்கள்தாம். கல்யாணப் பந்தியில் உணவுக்கு முன் செபிக்காமல் இருந்திருக்கிறோம். பெரிய வெள்ளியன்று வேலைத்தலத்தில் யாராவது தேநீர் நீட்டினால், “வயிறு சரியில்லை” என்று சொல்லி உபவாசத்தை மறைத்திருக்கிறோம். நம்மைச் சூழ்ந்த உலகம் நமக்குப் பகையானது என்று அடிக்கடி பேசுகிறோமே, அது எவ்வளவு உண்மை? நமது அச்சம் எங்கிருந்து வருகிறது? இன்று இதைச் சற்று ஆராய்வோம்.

இராயப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறவிக் கோழையல்லர். ஒலிவத் தோட்டத்தில் படைவீரர் சூழ்ந்தபோது வாளை உருவி ஒருவன் காதை வெட்டியவர் அவரே (அருளப்பர் 18:10). அதே இரவில், சில மணி நேரத்துக்குள், முற்றத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கு நடுங்கினார். அவள் கையில் ஈட்டி இல்லை. “நீயும் அந்தக் கூட்டத்தவன்தானே” என்ற பார்வை மட்டும் இருந்தது. அவரது கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது என்கிறார் மத்தேயு. வாளுக்கு அஞ்சாதவர் நகைப்புக்கு அஞ்சினார். இன்னொன்றையும் கவனியுங்கள்: வாளை உருவியவரும் ஆண்டவரை மறுதலித்தவரும் ஒரே மனிதர். இரண்டும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள்.

இந்த அச்சத்தை எப்படி வெல்வது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. குருக்கள் துரத்தப்பட்டனர், அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதும் பெருங்குற்றமாயிற்று. பிள்ளைகள் ஒல்லாந்தரின் பாடசாலைக்குப் போகவேண்டும். அவர்களின் திருச்சபைத் தோம்பில் பெயர் பதியப்படவேண்டும். உத்தியோகம் வேண்டுமானால் அவர்கள் சமயத்தில் நிற்கவேண்டும். ஆகவே நம் முன்னோர் பலர் பகலில் ஒரு முகமும் இரவில் ஒரு முகமுமாக வாழ்ந்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர்கள் நடுவே குருவானவர் இல்லை.

1687இல் கோவையைச் சேர்ந்த யோசப் வாஸ் சுவாமியார் ஓர் ஏழைக் கூலியாள் வேடத்தில் இந்நாட்டில் கரையிறங்கினார். (கொங்கணக் கரையில் உள்ள கோவா என்பதை நம் பெரியோர் கோவை என்றே வழங்கினர், கோயம்புத்தூர் அன்று.) யார் கத்தோலிக்கர் என்று யாரையும் கேட்க முடியாது. கேட்டால் கேட்டவருக்கும் ஆபத்து, சொன்னவருக்கும் ஆபத்து. அவர் செய்தது இதுதான்: கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். மாலையைக் கண்டதும் எவர் முகம் மாறுகிறது என்று பார்த்தார். ஒரு முகம் மலர்ந்தது. ஒரு கண் கலங்கியது. அப்படியே சில்லாலையில் ஒரு மந்தை ஒன்றுகூடியது.

இங்கே சிலர் கேட்கலாம்: “அவர் வேடம் போட்டாரே, அது ஒளிப்பு இல்லையா?” நல்ல கேள்வி. தாம் குரு என்பதை அவர் மறைத்தார். தாம் கிறிஸ்துவுக்கு உரியவர் என்பதைக் கழுத்திலேயே தொங்கவிட்டார். பாம்பைப்போல் விவேகமாயும் புறாவைப்போல் கபடற்றும் இருக்கும்படி நம் ஆண்டவர் சொன்னாரே (மத்தேயு 10:16), அதன் பொருள் இதுதான். அஞ்சாமை என்பது வலிய ஆபத்தைத் தேடி ஓடுவதன்று.

ஆனால் ஆபத்து தானாகவே வந்தது. 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்காக மறைவாகக் கூடியிருந்தோரை ஒல்லாந்தச் சிப்பாய்கள் வளைத்துக்கொண்டனர். ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டனர். சுவாமியார் தப்பினார். பிடிபட்டவர்களில் எட்டுப் பேர் கசையடிக்கும் கட்டாய வேலைக்கும் உட்படுத்தப்பட்டனர். டொன் பேதுரு என்பவர் அடியின் கொடுமையால் உயிர்நீத்தார். இந்த எட்டுப் பேரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை என்பது என் தாழ்மையான எண்ணம். அவர்கள் குருக்களல்லர், உங்களையும் என்னையும் போன்ற பொதுநிலையினர்.

பிற்பாடு சுவாமியார் 1692இல் கண்டிக்குப் போனார். அங்கே அவரை வேவுகாரர் என்று சிறையிட்டனர். 1697இல் கண்டியில் வைசூரி பரவி மக்கள் நோயாளிகளைக் காட்டில் கைவிட்டு ஓடியபோது, அவரும் அவருடைய உறவினரான யோசப் கார்வாலியோ சுவாமியாரும் பௌத்தர், கிறிஸ்தவர் என்று பாராமல் நோயாளிகளைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தனர். கண்டியின் பௌத்த அரசன் அவருக்குப் பாதுகாப்புத் தந்தான். கிறிஸ்தவ ஒல்லாந்தர் துரத்திய குருவுக்குப் பௌத்த அரசன் நிழல் கொடுத்ததை மறந்துவிடாதீர்கள். 1711 தை 16இல் கண்டியிலேயே சுவாமியார் மரித்தார். 2015 தை 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

கண்டியரசு நிழல் கொடுத்தது நம் குருவுக்கு மட்டுமன்று. அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன், 1620களில், போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம் மக்களைச் செனரத் அரசன் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அதாவது, அவர்களுக்குப் பகையாய் நின்றது கத்தோலிக்கக் கொடியைப் பிடித்த அரசு. வேதகலாபனையைப் பற்றிப் பேசும்போது இதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பாதி வரலாற்றையே படிப்பிக்கிறோம்.

இனி நமது நாட்களுக்கு வருவோம். 2019 சித்திரை 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பில் நம் பிரிந்த சகோதரரின் சீயோன் ஆலயம், கொழும்பின் ஹோட்டல்கள் – இவற்றில் குண்டுகள் வெடித்து 250க்கும் அதிகமானோர் மாண்டனர். சீயோனில் மாண்டவர்களில் சிறுவர் பலர். (யோசப் வாஸ் முனிவர் பிறந்ததும் 1651இல் இதே சித்திரை 21ஆம் நாள்தான்.) ஐந்து நாட்களின் பின் கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில், அதே கும்பலைச் சேர்ந்தோர் பதுங்கியிருந்த வீட்டில் வெடிப்பு நேர்ந்து, பிள்ளைகளும் மாண்டனர். பொதுப்பூசைகள் நிறுத்தப்பட்டன, சித்திரை 28ஆம் நாள் ஞாயிறு பூசையை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். சீடர்கள் கதவுகளை அடைத்துக்கொண்டிருந்த அந்த மாலையை (அருளப்பர் 20:19) நாம் உள்ளபடி அறிந்த வாரங்கள் அவை.

அவ்வாரங்களில் நம் வீடுகளில் பேசப்பட்டதை நினைத்துப் பாருங்கள். இருபது வருடமாய் மீன் கொண்டுவந்த நானாவை வாசலில் நிறுத்திய வீடுகள் உண்டு. முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று பிள்ளைக்குச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் சாய்ந்தமருதில் புதிதாய் வந்தவர்கள்மேல் ஐயங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே. இதை அறிந்தபோது, வாசலில் நின்ற நானாவின் முகம் நம்மில் சிலருக்கு நினைவு வந்திருக்கவேண்டும். இராயப்பரின் வாள் நம் வீட்டிலும் உறைவிட்டு வெளியே வந்திருந்தது.

அயலாரிடமிருந்து நாம் கற்கவேண்டியதும் உண்டு. வெள்ளிக்கிழமை நண்பகல் கல்முனை வியாபாரி கடையை அடைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போகிறார்; போகும் வியாபாரத்துக்காகக் கவலைப்படுவதில்லை. கதிர்காம யாத்திரிகர் கோமாரி வழியே பொத்துவில், உகந்தை என்று காட்டுப்பாதையை நோக்கி நடக்கின்றனர். வேலைக் கையில் ஏந்த அவர்களுக்கு வெட்கமில்லை. நாம் மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம்? என் கணிப்பின்படி, பாதிக் காரணம் அறியாமை. “நீங்கள் மூன்று கடவுளைக் கும்பிடுகிறீர்களா?” என்று பள்ளித்தோழன் கேட்டால் நம் பிள்ளைக்குப் பதில் தெரியாது. “மாதாவை ஏன் வணங்குகிறீர்கள்?” என்றால் தாய்க்கும் தெரியாது. ஆகவே மௌனம். மரியன்னையை முஸ்லிம்களும் போற்றுகின்றனர். குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் அவர் பெயரையே தாங்கியது. இது தெரிந்த பிள்ளை, கேட்ட தோழனோடு சண்டையிடாது, பேச்சைத் தொடரும்.

நம்பிக்கைக்குக் காரணம் கேட்போருக்கு விடைகூற ஆயத்தமாய் இருங்கள், ஆனால் சாந்தத்தோடும் மரியாதையோடும் கூறுங்கள் என்ற கருத்தை எழுதியவர் யார்? முற்றத்தில் நடுங்கிய அதே இராயப்பர் (1 இராயப்பர் 3:15-16).

இந்த வாரம் இரவுச் செபமாலைக்குப் பின் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பள்ளியில் அல்லது வேலைத்தலத்தில் நம் வேதத்தைப் பற்றி யார் என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். விடை தெரியாவிட்டால் மறைக்கல்வி ஆசிரியரிடமோ பங்குக் குருவானவரிடமோ கேட்டறியுங்கள். பிறகு, கேட்டவரிடம் திரும்பிப் போய், “அன்று கேட்டீர்களே” என்று சொல்லித் தொடங்குங்கள்.