விரல் நுனியில் ஓர் எண்

மருத்துவக் கருவியால் நோயாளிக்கு விளையும் நன்மையும் தீமையும் அதனைக் கையாள்வோரைப் பொறுத்தவை என்பர். இக்கூற்று முழுமையானதன்று. கையாள்பவர் தேர்ந்தவராயினும், கருவியே ஆளுக்கு ஆள் வேறுபடக் காட்டுவதுண்டு. பல்ஸ் ஆக்சிமீட்டரைச் சான்றாகக் கொண்டு இதனை ஈண்டு நோக்குவோம்.

ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்ட நெறியில் இயங்கும் இக்கருவி, 2020, 2021ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றின்போது நம் இல்லங்களுக்குள் புகுந்தது. இது விரலினூடே செவ்வொளியையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தும். ஆக்சிஜன் நிறைந்த குருதி செவ்வொளியைக் குறைவாக உறிஞ்சும். ஆக்சிஜன் குன்றிய குருதி மிகுதியாக உறிஞ்சும். அவ்வேறுபாட்டிலிருந்தே எண் பிறக்கிறது.

ஆனால் தோலின் கருமையும் ஒளியை உறிஞ்சுமன்றோ! அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், தமனிக் குருதியின் உண்மையளவு 88க்கும் கீழிருந்தது வெள்ளையரிடம் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடு. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் இதுபற்றி எச்சரித்தது.

அவ்விழுக்காடு நம்மவர்க்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனினும், பொன்னேரியை அடுத்த பழவேற்காட்டு ஏரியிலும் கடலிலும் வெயிலில் உழைத்துக் கறுத்த மீனவரின் விரலை எண்ணிப் பார்ப்போம். வலை இழுத்துக் குளிர்ந்த கையில் குருதியோட்டமும் குறையும். அப்போது கருவி தடுமாறும். மகளிர் விரலிலுள்ள அடர்ந்த கருமருதாணியும், நகப்பூச்சும் அவ்வாறே இடர் செய்யும். நள்ளிரவில் மூச்சு வாங்கும் முதியவருக்குக் கருவி 95 காட்டினால், "விடியட்டும், பொன்னேரிக்குப் போகலாம்" என்று வீட்டார் இருந்துவிடக்கூடும். நாம் அஞ்சுவது இதற்கே.

ஆகவே கையைத் துடைத்து, சூடேற்றி, நகப்பூச்சை நீக்கி, அசையாது அமர்ந்து, எண் நிலைகொள்ளும்வரை பொறுத்தல் வேண்டும். ஒரு முறை கண்டதினும், பலமுறை குறித்து வைத்ததில் தெரியும் இறக்கமே பொருளுடையது. மூச்சையும் எண்ணுக. அமைதியாயிருக்கும் பெரியவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர். அதனின் மிக்கு இளைப்பாராயின், கருவி என்ன கூறினும் மருத்துவமனைக்குப் புறப்படுதலே முறை.

கருவியின் பிழைகளைத் திரட்ட, காசியாபாத்திலுள்ள இந்திய மருந்து நூல் ஆணையத்தின் வழி 2015 ஜூலை முதல் ஒரு தேசியத் திட்டம் நடைபெறுகிறது. செவிலியரும் நோயாளியின் வீட்டாரும்கூட அதற்குத் தெரிவிக்கலாம். கருவியின் பெயரும் தொகுதி எண்ணும் அங்கே கேட்கப்படும். எனவே அது வந்த அட்டைப்பெட்டியை எறியாது வைத்திருத்தல் நலம்.