வினைமுற்று சொல்லும் செய்தி

இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும், பாலக்காட்டின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு பகுதிகளிலும் வாழும் தமிழ் மாணவர் பலர் வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமும் பேசுகின்றனர். இவ்விரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். சொற்கள் நிற்கும் வரிசையும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் தொடரின் முடிவில் நிற்கும் வினைமுற்றில் ஒரு வேறுபாடு உண்டு.

மலையாளத்தில் ‘அவன் வன்னு’, ‘அவள் வன்னு’, ‘அவர் வன்னு’ என வினை மாறாமல் நிற்கும். பழைய மலையாளச் செய்யுள்களில் காணப்படும் பால் காட்டும் விகுதிகள் பின்னாளில் வழக்கொழிந்தன. தமிழில் அவ்விகுதிகள் இன்றும் வாழ்கின்றன.

நான் வந்தேன், நாங்கள் வந்தோம்
நீ வந்தாய், நீங்கள் வந்தீர்கள்
அவன் வந்தான் (ஆண்பால்)
அவள் வந்தாள் (பெண்பால்)
அவர்கள் வந்தனர் (பலர்பால்)
அது வந்தது (ஒன்றன்பால்)
அவை வந்தன (பலவின்பால்)

முதல் மூன்று பால்களும் உயர்திணைக்கு உரியவை. பின்னிரண்டும் அஃறிணைக்கு உரியவை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இத்திணைப் பாகுபாட்டுடனேயே தொடங்குகிறது. பெரியோர் ஒருவரைக் குறிக்கும்போது ‘பாட்டி வந்தார்’ என வினையும் மரியாதை காட்டும்.

வினைமுற்றைப் பிரித்துப் பார்த்தால் அதன் வேலை விளங்கும்.

செய்தான் = செய் + த் + ஆன்
செய்கிறான் = செய் + கிறு + ஆன்
செய்வான் = செய் + வ் + ஆன்

பகுதியாகிய ‘செய்’ செயலைக் கூறுகிறது. நடுவில் உள்ள இடைநிலை காலத்தைக் காட்டுகிறது. இறுதியில் உள்ள விகுதி செய்தவர் யார் என்பதை உணர்த்துகிறது.

கதை எழுதுவோருக்கு இதனால் என்ன பயன்? பின்வரும் பகுதியைப் படித்தால் தெரியும்.

“அண்ணனும் தங்கையும் தேயிலைத் தோட்டத்து வழியே வீடு திரும்பினர். எங்கும் மூடுபனி. பாதையின் வளைவில் ஓர் ஓசை கேட்டது. சட்டென நின்றான். அவன் கையைப் பற்றிக்கொண்டாள். பனிக்குள்ளிருந்து மெல்ல வந்தன.”

இறுதி மூன்று தொடர்களிலும் எழுவாய் வெளிப்படையாக இல்லை. இதனைத் தோன்றா எழுவாய் என்பர். ஆயினும் நின்றவன் அண்ணன், கையைப் பற்றியவள் தங்கை என்பதில் ஐயம் எழவில்லை. ‘வந்தன’ என்னும் சொல்லோ, வந்தவை மனிதர் அல்ல, ஒன்றும் அல்ல, பல என்று அறிவிக்கிறது. அவை யானைகளா, மாடுகளா என்பதை அது மறைத்து வைக்கிறது. படிப்பவர் மனம் படபடக்கிறது. அதே இடத்தில் ‘வந்தனர்’ என்று எழுதினால், வேலை முடிந்து திரும்பும் தொழிலாளர்கள் கண்முன் தோன்றுவர், அச்சம் நீங்கிவிடும். ‘வந்தது’ என்று எழுதினால், ஒற்றை விலங்கு நிற்கும். ஒரு விகுதி மாறினால் கதையே மாறிவிடுகிறது.

ஆகவே, கதையை எழுதி முடித்தபின் ஒவ்வொரு வினைமுற்றையும் இரு கேள்விகளால் சரிபார்த்தல் நன்று. செய்தவர் யார்? செயல் எக்காலத்தது? இவ்விரண்டிற்கும் வினைமுற்று சரியாக விடை தந்தால், தேனியில் இருக்கும் தாத்தாவும் கதையைத் தடையின்றிப் படித்து மகிழ்வார்.

பயிற்சி 1: பிழை நீக்கி எழுதுக.
அ. யானைகள் ஆற்றைக் கடந்தது.
ஆ. பாட்டி போடிநாயக்கனூரிலிருந்து நேற்று வருவார்.
இ. இரவிகுளத்தில் வரையாடுகள் பாறைமீது நிற்கிறது.
ஈ. நாளை நாங்கள் வாளையாறு அணையைக் கண்டோம்.

பயிற்சி 2: மேற்கண்ட கதையில் ‘வந்தன’ என்பதற்குப் பின் என்ன நிகழ்ந்தது? இறந்தகாலத்தில் ஐந்து தொடர்கள் எழுதுக. பின்னர் ‘வந்தன’ என்பதை ‘வந்தனர்’ என மாற்றி, வேறொரு முடிவை எழுதுக.