வள்ளத்திலிருந்து வான் பார்ப்போம்

உயர்தரப் பௌதிகவியலில் நாம் படிக்கும் வானியல் தொலைகாட்டியை இரண்டு குவிவு வில்லைகளைக் கொண்டு வீட்டிலேயே செய்யலாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைக்கும் +2 வலுவுள்ள வில்லையின் குவியத்தூரம் 50 சென்ரிமீற்றர். இதுவே பொருளி. 5 சென்ரிமீற்றர் குவியத்தூரமுள்ள சிறு வில்லை பார்வைத்துண்டு. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் இரு மட்டைக் குழாய்களில் இவற்றைப் பொருத்தி, உட்புறம் கறுப்புத்தாள் ஒட்டுங்கள். வில்லைகளின் இடைத்தூரம் 55 சென்ரிமீற்றர் ஆகும்போது வானம் தெளியும். விம்பம் தலைகீழாகத் தெரியும். விண்மீனுக்கு அதனால் குறையில்லை.

உருப்பெருக்கம் 50 ஐ 5 ஆல் வகுக்க வரும் 10. இதைக் கூட்டினால் நல்லதல்லவா? தரையில் கூட்டலாம். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் வள்ளத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உதவாது. வள்ளம் 1 பாகை ஆடினால் காட்சி ஏறத்தாழ 10 பாகை ஓடும். 30 மடங்கென்றால் 30 பாகை ஓடும். 1610 இல் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்ட கலிலியோ, அவற்றைக் கொண்டு கடலில் நெடுங்கோட்டை அறிய முயன்றார். ஆடும் கப்பலில் தொலைகாட்டியை நிலையாகப் பிடிப்பது அவருக்கும் பெருந்தடையாக இருந்தது.

ஆகவே 10 மடங்கே போதும். பெரியவர்களின் துணையோடு, நங்கூரமிட்ட வள்ளத்தில் தாழ அமர்ந்து, முழங்கைகளை முழங்கால்களில் ஊன்றிப் பாருங்கள். நிலவின் பள்ளங்களும் கார்த்திகை விண்மீன் கூட்டமும் தெரியும். சூரியனை மட்டும் ஒருபோதும் இதனால் பார்க்கக் கூடாது, பார்வையே பறிபோகும்.