இட்லி மாவு விற்றுக் கற்ற கணக்கு

நம் சங்கத்து மாதர் பகுதிக் கூட்டங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்து நாலு காசு சம்பாதிக்க முடியுமா? கையில் முதல் இல்லை. குழந்தைகளோ சின்னவர்கள்." முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் கைமணம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்து இறங்கி, நான் ஆறு மாதம் ஏமாந்தேன். என்னை ஏமாற்றியது வேறு யாரும் இல்லை, நானேதான். அந்த அனுபவத்தைப் பாடமாக இங்கே எழுதுகிறேன். தொழில் தொடங்க நினைக்கும் சகோதரிகள் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படித்தால் பயன் இருக்கும்.

முதல்: 3,000 ரூபாய்

2014-ஆம் ஆண்டு என் கணவர் வேலை பார்த்த கம்பெனியில் ஆட்குறைப்பு செய்தார்கள். அவர் வேலை தப்பியது, ஆனால் சம்பளம் பாதியாயிற்று. அதுவும் சொன்ன தேதிக்கு வராது. அப்போது மகள் எட்டாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. தில்லியில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

என்னிடம் இருந்தவை இரண்டு. ஒன்று, கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்த கோயமுத்தூர் கிரைண்டர். மற்றொன்று, பண்டிகைப் பணத்தில் சேர்த்து வைத்திருந்த 3,000 ரூபாய். எங்கள் மயூர் விஹார் பகுதியில் தமிழ், மலையாளக் குடும்பங்கள் நிறைய. வேலைக்குப் போகும் பெண்கள் மாவு அரைக்க நேரமில்லாமல் தவிப்பதைப் பார்த்திருந்தேன். ஏப்ரலில் தொடங்கினேன். வாரம் நான்கு ஈடு மாவு. ஒரு கிலோ 30 ரூபாய். இருபது வீடுகள் வாடிக்கையாயின. "மாமி மாவு பஞ்சு மாதிரி இருக்கு" என்று எல்லோரும் சொல்ல, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்டோபரில் மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. மாவுப் பணம் இருக்கிறதே என்று டப்பாவைத் திறந்தேன். உள்ளே 140 ரூபாய் இருந்தது.

மகள் போட்ட கணக்கு

முதலில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கணவரிடம் கேட்டு, அதனால் ஒரு மனஸ்தாபமும் வந்தது. மகள்தான், "அம்மா, இரு. எங்க கணக்குப் பாடத்துல லாப நஷ்டம் நடத்தியிருக்காங்க. நீ சொல்லு, நான் எழுதறேன்" என்று நோட்டை எடுத்தாள். ஓர் ஈடுக்கு நான் சொன்ன கணக்கு இது:

இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 45 வீதம்: 180 ரூபாய்
உருட்டு உளுந்து 1 கிலோ: 100 ரூபாய்
வெந்தயம், உப்பு: 10 ரூபாய்
ஆக மொத்தம்: 290 ரூபாய்
கிடைக்கும் மாவு 12 கிலோ, கிலோ 30 வீதம்: 360 ரூபாய்
லாபம்: 70 ரூபாய்

"அவ்வளவுதானா? வேற செலவே இல்லையா?" என்று கேட்டாள். வாங்கிய விலையோடு வண்டிக்கூலி, பழுதுபார்த்த செலவு எல்லாவற்றையும் சேர்த்தால்தான் அடக்கவிலை என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். துருவித் துருவிக் கேட்டாள். அரிசி வாங்கக் கரோல் பாக் போய்வர ஆட்டோவுக்கு 120 ரூபாய். ஒரு தடவை வாங்கும் அரிசி ஐந்து ஈடு வரும். ஆக ஈடுக்கு 24 ரூபாய். பிளாஸ்டிக் கவர் 11 ரூபாய். மின்சாரம் 5 ரூபாய். அடக்கவிலை 330 ரூபாய் ஆயிற்று.

அடுத்து வரவைப் பார்த்தாள். நான் மாவை எடை போட்டுக் கொடுக்கவில்லை. பாத்திரத்தால் அளந்து, மேலே ஒரு கரண்டி கொசுறும் ஊற்றுவேன். எங்கள் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தால் ஒரு பாக்கெட் 1,100 கிராம்! 12 கிலோ மாவு என் கையில் 11 பாக்கெட்டுக்குள் அடங்கிவிட்டது. அதிலும் ஈடுக்கு ஒரு பாக்கெட்டாவது விற்காமல் புளித்துப் போகும். பத்துப் பாக்கெட் விற்றால் 300 ரூபாய்.

செலவு 330, வரவு 300. ஈடுக்கு 30 ரூபாய் நஷ்டம். வாரம் 120 ரூபாய். 26 வாரத்துக்கு 3,120 ரூபாய். நான் போட்ட முதல் முழுவதும் அதோடு சரி. குறைந்ததை வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன். எடுத்தது எனக்கே தெரியவில்லை.

நோட்டை மூடும்போது மகள், "அம்மா, இதுல நீ உழைச்சதுக்குக் கூலியே எழுதலையே" என்றாள். ஓர் ஈடு மாவுக்குக் களைவது, அரைப்பது, பாக்கெட் போடுவது, கொண்டுபோய்க் கொடுப்பது என்று நான்கு மணி நேரம் ஆகும். அந்தக் கூலியை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அன்று இரவு கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

திருத்திய கணக்கு

தொழிலை விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மாவு நன்றாக இருந்தது, வாடிக்கையும் இருந்தது. பிழை கணக்கில்தானே! நான்கு மாற்றங்கள் செய்தேன்.

ஒன்று, தராசில் நிறுத்துச் சரியாக ஒரு கிலோ. கொசுறு நின்றது. இரண்டு, முதல் நாளே சொல்லி வைப்பவர்களுக்கு மட்டும் மாவு. அதனால் புளித்து வீணாவது நின்றது. மூன்று, அரிசியை மூட்டையாக வாங்கி, பக்கத்து வீட்டு மாமியோடு ஆட்டோ செலவைப் பங்கு போட்டுக்கொண்டேன். அரிசி கிலோ 40-க்குக் கிடைத்தது. நான்கு, மாவு விலையை 40 ரூபாய் ஆக்கினேன்.

இப்போது அரிசி 160, உளுந்து 100, வெந்தயம் உப்பு 10, கவர் 12, மின்சாரம் 5, வண்டி 12. மொத்தம் 299 ரூபாய். வரவு 12 பாக்கெட்டுக்கு 480. மிச்சம் 181 ரூபாய். நான்கு மணி நேர உழைப்புக்கு, மணிக்கு 45 ரூபாய்.

விலை ஏற்றினால் எல்லோரும் போய்விடுவார்கள் என்று பயந்தேன். இருபதில் மூன்று வீடுகள்தான் நின்றன. வேறு இரண்டு வீடுகள் வந்து சேர்ந்தன.

இரண்டு டப்பா

அன்றிலிருந்து வீட்டுப் பணமும் தொழில் பணமும் தனித்தனி டப்பாவில். மாவு விற்ற காசிலிருந்து பால் வாங்க ஐந்து ரூபாய் எடுத்தாலும் நோட்டில் எழுத வேண்டும். மிச்சத்தை மூன்றாகப் பிரித்தேன்: பாதி என் கூலி, கால் பங்கு அடுத்த கொள்முதலுக்கு, கால் பங்கு கிரைண்டர் பழுதுக்கும் அவசரத்துக்கும். மறு வருடமே கிரைண்டர் பெல்ட் அறுந்தபோது யாரிடமும் கைநீட்டாமல் மாற்றினேன்.

உழைத்தவளுக்குக் கூலி முதலில் என்பது நான் கண்டுபிடித்ததல்ல. 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய லிஜ்ஜத் பாப்பட். அங்கே பெண்கள் பிசைந்த மாவை வாங்கிப்போய் வீட்டில் அப்பளம் இட்டுக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இட்ட அளவுக்குக் கூலி உண்டு. அவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சிறு சேமிப்பின் வலிமைக்கும் சான்று உண்டு. ஆமதாபாத்தின் சேவா அமைப்பைச் சேர்ந்த ஏழைப் பெண்கள் சுமார் 4,000 பேர், ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு 1974-இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவு வங்கியே தொடங்கினார்கள்.

குளிரில் செய்த தவறு

கணக்கு சரியான பிறகு வேறொரு தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2015 ஜனவரி. தில்லிக் குளிரில் மாவு கல்லாகக் கிடந்தது. மறுநாள் காலை பன்னிரண்டு பாக்கெட் கொடுக்க வேண்டும். சமையல் சோடாவைக் கலந்து பொங்க வைத்துக் கொடுத்துவிட்டேன். அன்று மாலையே வயதான ஒரு பாட்டி படியேறி வந்தார். "ஏண்டியம்மா, சோடா போட்டியா? எனக்கு உப்புச் சத்து ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஒன் மாவுன்னா நம்பிக்கைன்னு வாங்கினேன்" என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை. பன்னிரண்டு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பினேன். 480 ரூபாய். அந்த வாரக் கூலி பெரும்பாலும் அதிலேயே போயிற்று. பாட்டி மட்டும் பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "அடுத்த வாரம் நல்ல மாவா குடு" என்றார்.

மாவு பொங்குவது நுண்ணுயிர்களின் வேலை. அவற்றுக்கு 30 டிகிரி அளவில் கதகதப்பு வேண்டும். எனவே குளிர்காலத்தில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அதே போன்ற நீரை விட்டு அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி மூடிய அலமாரியில் வைத்தேன். கூடுதல் நேரம் பிடிக்கும். அதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். கோடையிலோ நேர் எதிர். ஐஸ் தண்ணீர் விட்டு இரவில் அரைத்து, பாதி பொங்கியதுமே ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் புளித்துவிடும்.

பிறகு காலத்துக்கு ஏற்ற பண்டம் என்று வகுத்துக்கொண்டேன். கடுங்குளிரில் மாவைக் குறைத்து மிளகாய்ப் பொடியும் பருப்புப் பொடியும். மே, ஜூனில் வடாம். தில்லியின் வறண்ட வெயிலில் மெல்லிய வடாம் ஒரே நாளில் காயும். ஆனால் ஆந்தி என்னும் புழுதிக் காற்று எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. பழைய கொசுவலையை மேலே கட்டி, நான்கு மூலையிலும் செங்கல் வைப்பது என் வழக்கம்.

விலையேற்றமும் கடன் நோட்டும்

2015 அக்டோபரில் துவரம் பருப்பு பல நகரங்களில் கிலோ 200 ரூபாய் வரை போனது. உளுந்தும் கூடவே ஏறியது. நான் வாங்கியது 100-லிருந்து 170 ஆயிற்று. கணக்கு நோட்டு இருந்ததால் பதறவில்லை. ஈடுக்கு 70 ரூபாய் கூடுதல் என்றால் கிலோ மாவுக்கு ஏறக்குறைய 6 ரூபாய். ஐந்து ரூபாயை விலையில் ஏற்றி, மிச்சத்தை நான் ஏற்றுக்கொண்டேன். காரணத்தைச் சீட்டில் எழுதி பாக்கெட்டோடு கொடுத்தேன். உளுந்து இறங்கியதும் இரண்டு ரூபாய் குறைத்தேன். அதை இன்றும் சொல்பவர்கள் உண்டு.

2016 நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது கடன் கொடுக்க வேண்டி வந்தது. ஒரு வீட்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் கடன் இல்லை என்று வரம்பு வைத்தேன். அந்த வரம்புதான் தொழிலைக் காப்பாற்றியது. இரண்டு வீடுகள் தவிர எல்லோரும் கொடுத்துவிட்டார்கள்.

அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டியவை

வீட்டில்தானே செய்கிறோம் என்று இருக்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, விற்பதற்காக உணவு தயாரிப்பவர் சிறியவரானாலும் பதிவு செய்துகொள்ள வேண்டும். நான் செய்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். பெயர், முகவரி, எடை, தயாரித்த தேதி, விலை ஆகியவையும் இருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது. அதற்குக் கட்டணமே இல்லை. பதிவு செய்து தருகிறேன் என்று பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ எரிவாயு உருளையைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. பொடி வறுக்க நான் மின் அடுப்பு வாங்கினேன்.

தாய்க்கும் ஒரு கணக்கு

பணக் கணக்கைவிடக் கடினமானது நேரக் கணக்கு. மகனின் பள்ளி விளையாட்டு விழா அன்று பெரிய ஆர்டர் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டேன். ஓட்டத்தில் அவன் இரண்டாவதாக வந்ததை வேறொரு தாயார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பதக்கத்தைக் காட்டிவிட்டு, "பரவாயில்லம்மா" என்றான். அந்த ஆர்டரில் எனக்குக் கிடைத்தது 360 ரூபாய். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதற்குப் பிறகு புதனும் ஞாயிறும் கிரைண்டர் ஓடாது என்று முடிவு செய்தேன். மாலை ஐந்து மணிக்கு மேல் ஆர்டருக்காக யாரும் வர வேண்டாம் என்று கதவில் எழுதி ஒட்டினேன். பள்ளி நாட்காட்டியை அடுக்களையில் மாட்டி, விழா, தேர்வு நாட்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். வருமானம் சற்றுக் குறைந்தது. குறையட்டும் என்று விட்டேன்.

தொடங்குவோருக்குப் பயிற்சி

சகோதரிகளே, கடைக்குப் போகும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. செய்ய நினைக்கும் பண்டத்தை ஒரு முறை செய்து, வண்டி, கவர், மின்சாரம், வீணாவது உட்பட எல்லாச் செலவையும் எழுதுங்கள்.
2. ஆகும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். உங்கள் மணிக்கூலியைச் சேர்த்த பிறகே விலை சொல்லுங்கள்.
3. தராசு இல்லாமல் விற்காதீர்கள்.
4. இரண்டு டப்பா வையுங்கள்.
5. மாதம் ஒரு நாள் வீட்டில் இன்னொருவரிடம் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். தன் பிழை தனக்குத் தெரியாது.

இன்று தில்லியில் எந்தக் கடையிலும் பாக்கெட் மாவு கிடைக்கிறது. நான் மாவைக் குறைத்துப் பொடியும் வடாமும் மட்டுமே அதிகம் செய்கிறேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மகள் வேலைக்குப் போகிறாள். ஆனால் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவளிடம் நோட்டைக் காட்டுவது மட்டும் நிற்கவில்லை. "கூலி எழுதினியா அம்மா?" என்பதுதான் இன்றும் அவள் முதல் கேள்வி.