வெள்ளானூரில் முட்டைக்கோழி: எந்தக் கோழி, எவ்வளவு தீவனம்?

கோழி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, வருஷத்துக்கு எத்தனை முட்டை என்றுதான். ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் தீவனம் என்றும் கேளுங்கள். முட்டை இடாத நாளிலும் கோழி தின்னத்தான் செய்யும்.

நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளை லேயர் கோழி நாளுக்கு 110 கிராம் தின்று, வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். முட்டைக்கு ஏறக்குறைய 135 கிராம். நாட்டுக்கோழி 60, 70 முட்டைதான் இடும்; நடுநடுவே அடைக்கு உட்கார்ந்துவிடும். அதைக் கூண்டில் அடைத்து, நாளுக்கு 80 கிராம் கடைத்தீவனம் போட்டால் முட்டைக்கு 400 கிராமைத் தாண்டிவிடும். அதே கோழி புழு, பூச்சி, கீரை, சிந்திய நெல் என்று மேய்ந்து திரிந்தால் 30, 40 கிராம் கம்போ குருணையோ போதும். செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆகவே உங்கள் இடம்தான் கோழியைத் தீர்மானிக்க வேண்டும். வெள்ளானூர்ப் பக்கம் வயல்கள் மனைகளாகி வருகின்றன. வீட்டைச் சுற்றி இன்னும் மேய்ச்சல் இருப்பவர்கள் நாட்டுக்கோழியே வளர்க்கலாம்; குஞ்சும் பொரித்துத் தரும். மதில் கட்டிய மனைக்குள் முட்டைக்காக மட்டும் வளர்ப்பவர்களுக்கு லேயர் கோழிதான் கட்டும். கொஞ்சம் மேய்ச்சல், கொஞ்சம் கைத்தீவனம் என்றால் ஹைதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியாவைப் பார்க்கலாம். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இனம் பற்றி அங்கே விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது, கடைத்தீவனமா, வீட்டுக் கலவையா? ஐந்தாறு லேயர் கோழிதான் என்றால் கடை மூட்டையே மேல். கலப்பதானால், 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 50, சோயாப் புண்ணாக்கு 22, தவிடு 15, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 4, கிளிஞ்சல் தூள் 7, தாது உப்புக் கலவை 2 கிலோ. பூசணம் பிடித்த சோளத்தையும் கடலைப் புண்ணாக்கையும் விலை குறைவென்று வாங்கவே வாங்காதீர்கள். அதிலுள்ள நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும்.

பலர் கிளிஞ்சலில்தான் கோட்டை விடுகிறார்கள். ஓர் ஓட்டுக்கு இரண்டு கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சோறும் தவிடும் மட்டும் தின்னும் கோழி அதைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். ஓடு மெலியும், காலும் தளரும். ஓடு உருவாவது பெரும்பாலும் இரவில் என்பதால், சாயங்காலம் கிளிஞ்சல் நொறுக்கைத் தனித் தட்டில் வையுங்கள். தேவையானதைக் கோழியே பொறுக்கிக்கொள்ளும்.

சித்திரை, வைகாசியில் கோழி தின்பது குறையும், முட்டையும் குறையும். அப்போது தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள். தண்ணீர் சாதாரண நாளிலேயே தீவனத்தைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். வெயில் காலத்தில் அதற்கும் மேல். நிழலில் வைத்து, சூடேறியதும் மாற்றுங்கள்.