நம்பத்தகுந்த செம்புள்ளிக் குறிகாட்டி: தேர்வும் பரிசோதனையும்

கோலார் தங்கவயலைச் சேர்ந்த சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை தோண்டப்பட்டது. நிலத்தின்மேல் குறித்த ஒரு திசையை அத்துணை ஆழத்திற்குக் கொண்டுசென்று, இரு பக்கங்களிலிருந்தும் குடைந்துவரும் பாதைகள் பிசகாது சந்திக்குமாறு செய்வது சுரங்க நில அளவையாளரின் பணியாகும். அவருடைய கருவியான தியோடலைட் எவ்வளவு உயர்ந்ததாயினும் அதனை அவர் அப்படியே நம்பிவிடுவதில்லை. ஒரே குறியை இடமுகமாக ஒருமுறையும் வலமுகமாக ஒருமுறையும் நோக்குவார். இரு அளவுகளும் ஒத்துவராவிடில், கருவியின் பார்வைக்கோடு சாய்ந்துள்ளது என்பதை உணர்ந்து அதற்கேற்பத் திருத்தம் செய்வார். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. எனினும், பார்வைக்கோட்டைச் சோதித்த பின்னரே நம்பவேண்டும் என்னும் அந்த முறை, நோக்கும் கருவிகள் யாவற்றிற்கும் பொருந்தும்.

பொழுதுபோக்கிற்காக இலக்குச் சுடுவோரிடையே இன்று பரவியுள்ள செம்புள்ளிக் குறிகாட்டியும் அத்தகைய கருவிகளுள் ஒன்று. கடைகளில் இதனை ‘ரெட் டாட் சைட்’ என்பர். தங்கவயலுக்குத் துப்பாக்கிப் பயிற்சி புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் துணைப்படையைச் சேர்ந்த பட்டாளம் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கியிருந்தது. அக்காலத்தினர் இரும்பாலான முன்குறியையும் பின்குறியையும் இலக்கோடு ஒரே கோட்டில் நிறுத்திச் சுட்டனர். செம்புள்ளிக் குறிகாட்டியில் புள்ளியை இலக்கின்மேல் வைத்தாலே போதும். இந்த எளிமையே இதன் சிறப்பு. இதன் அபாயமும் அதுவே. புள்ளி தெளிவாகத் தெரிவதனாலேயே குண்டு அங்குதான் செல்லும் என்று பயில்வோர் நம்பிவிடுகின்றனர். குறிகாட்டி சற்றே நிலைபெயர்ந்திருந்தாலும் புள்ளி முன்போலவே ஒளிரும். குண்டுமட்டும் வேறிடம் செல்லும். .22 ரைபிளின் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லவல்லது. ஆகவே, இக்கருவியைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பது அருகில் வாழ்வோரின் பாதுகாப்பைச் சார்ந்த செய்தியாகும்.

கருவி இயங்கும் விதம்

இதன் அடிப்படையை 1900ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் டப்ளின் நகரத்துத் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்ட் கிரப் ஆவார். அவருடைய தொழிற்கூடத்தின் கைவண்ணத்தை நம் நாட்டிலும் காணலாம். புனாவில் இருந்து 1912இல் கோடைக்கானல் வானியல் ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுவரப்பட்ட 20 அங்குலப் பவநகர் தொலைநோக்கி அங்கே செய்யப்பட்டதே.

குழியாடி ஒன்றின் குவியத்தில் ஒளிமூலத்தை வைத்தால், ஆடியில் பட்டு மீளும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த உண்மை. இணைகதிர்களைப் பெறும் கண்ணுக்கு, அவை வெகு தொலைவிலிருந்து வருவதாகவே தோன்றும். செம்புள்ளிக் குறிகாட்டியில் ஒளிமூலமாக அமைவது சிறியதோர் ஒளியுமிழ் டையோடு. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளியைத் தரும் டையோடு 1962இல் தோன்றியது. அதனைப் பயன்படுத்திய மின்னணுக் குறிகாட்டியை ஸ்வீடன் நாட்டின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1970களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. முன்னுள்ள கண்ணாடியின்மேல், சிவப்பு ஒளியை மட்டும் மீட்டு ஏனைய நிறங்களைக் கடந்துசெல்ல விடும் மெல்லிய பூச்சு இடப்பட்டிருக்கும். இதனால் வெளிக்காட்சியும் செம்புள்ளியும் ஒருங்கே தெரிகின்றன.

இக்கருவி இலக்கின்மேல் ஒளியை வீசுவதில்லை. புள்ளி சுடுபவரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஒளியை இலக்கின்மேல் செலுத்தும் லேசர்க் கருவி இதனின் வேறானது.

இடமாறு தோற்றப் பிழை

‘கண்ணை எங்கே வைத்தாலும் புள்ளி பிசகாது’ என்று விளம்பரங்கள் கூறும். இது முழு உண்மையன்று. கதிர்கள் முற்றிலும் இணையாயினும், கண் நடுவச்சிலிருந்து 10 மில்லிமீட்டர் விலகினால் நோக்குக்கோடும் அதே 10 மில்லிமீட்டர் விலகும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள சாளரத்தில் இதுவே உச்ச விலகல்.

சில குறிகாட்டிகள் குறிப்பிட்டதொரு தொலைவில் பிழையே இல்லாதவாறு அமைக்கப்படுகின்றன. அத்தொலைவு 50 மீட்டர் எனக் கொள்வோம். கண் 10 மில்லிமீட்டர் விலகும்போது 50 மீட்டரில் பிழை இல்லை. 10 மீட்டரில், அமைப்புத் தொலைவுக்கும் இலக்குத் தொலைவுக்கும் உள்ள வேறுபாடான 40ஐ 50ஆல் வகுத்து 10ஆல் பெருக்க, பிழை 8 மில்லிமீட்டர் ஆகும். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் பெறும் மையப்புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டரே என்பதை நினைத்தால், 8 மில்லிமீட்டர் எத்துணைப் பெரிது என்பது விளங்கும். புள்ளியைச் சாளரத்தின் நடுவில் நிறுத்திச் சுட்டால் இப்பிழை மறையும். மலிவான கருவிகளில் ஆடியின் வளைவும் செம்மையாக இராதாகையால் மேலும் பிழை சேரும்.

புள்ளியின் அளவு

புள்ளியின் அளவைக் கோண நிமிடத்தில் குறிப்பர். ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம். இது 100 மீட்டரில் 29 மில்லிமீட்டரையும், 50 மீட்டரில் 14.5 மில்லிமீட்டரையும், 25 மீட்டரில் 7.3 மில்லிமீட்டரையும், 10 மீட்டரில் 2.9 மில்லிமீட்டரையும் மறைக்கும். தாள் இலக்கில் நிதானமாகச் சுடுவோர்க்கு 2 நிமிடப் புள்ளி ஏற்றது. 6 நிமிடப் புள்ளி விரைவில் கண்ணிற் படும். ஆயினும் 50 மீட்டரில் 87 மில்லிமீட்டர் அளவிற்கு இலக்கை மறைத்துவிடும்.

சிலருக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் வால் முளைத்ததுபோல் தெரிவதுண்டு. உடனே கருவியைக் குறைகூற வேண்டா. கைப்பேசியின் படக்கருவியால் சாளரத்தின் வழியே ஒரு படம் எடுத்துப் பார்க்கவும். படத்தில் புள்ளி வட்டமாயிருப்பின் குறை பெரும்பாலும் கண்ணில் உள்ள ஒழுங்கற்ற குவியத்தினால் ஏற்படுவது. அத்தகையோர் கண் மருத்துவரை நாடுவதே தக்கது.

சுடாமலே செய்யத்தக்க சோதனைகள்

கீழ்க்கண்ட சோதனைகளுக்குத் துப்பாக்கி தேவையில்லை. குறிகாட்டியைத் தனியே கழற்றி, மேசையில் பொருத்திய பட்டறை வைசில் துணி சுற்றி இறுக்குக. துப்பாக்கியில் பொருத்தியபடியே ஊர்ப் பொருள்களை நோக்குவது எக்காரணத்தாலும் கூடாது.

1. தொலைவில் அசையாத குறி ஒன்றைத் தேர்க. சுரங்கவாயின்மேல் எஞ்சி நிற்கும் இரும்புக் கோபுரத்தின் உச்சி தங்கவயலில் இதற்கு நன்கு உதவும். திருகுகளைத் திருப்பிப் புள்ளியை அக்குறியில் நிறுத்திய பின், கண்ணை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்துக. புள்ளி குறியைவிட்டுத் தெளிவாக ஓடுமாயின் அக்கருவியை விலக்குக.

2. 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் மில்லிமீட்டர் கட்டத்தாள் ஒன்றை ஒட்டுக. கண்ணுக்குப் பதிலாகக் கைப்பேசியைச் சாளரத்தின் நேர்நடுவில் அசையாது நிறுத்துக. ஒரு சொடுக்குக்கு ஒரு நிமிடம் நகரும் திருகைப் பத்துச் சொடுக்குகள் திருப்பினால் புள்ளி 29 மில்லிமீட்டர் நகரவேண்டும். பத்தும் மீளத் திருப்பினால் பழைய இடத்திற்கே வரவேண்டும். நகர்ச்சி சற்றுக் கூடக் குறைய இருப்பினும் பொறுத்துக்கொள்ளலாம், மீளாமையைப் பொறுக்கலாகாது.

3. கருவியின் பக்கத்தை மரக்கைப்பிடியால் இலேசாகப் பலமுறை தட்டுக. புள்ளி மினுக்கினால் மின்தொடர்பு தளர்ந்துள்ளது. நகர்ந்தால் உள்ளுறுப்பு தளர்ந்துள்ளது.

4. நண்பகல் வெயில் படும் வெள்ளைச் சுவரின்மேல் புள்ளி தெரிகிறதா என்றும், அந்திப்பொழுதில் மிகக் குறைந்த ஒளிநிலையில் கண் கூசாமல் இருக்கிறதா என்றும் காண்க.

மின்கலம்

பல குறிகாட்டிகளில் 3 வோல்ட்டு லித்தியம் வில்லைக் கலம் இடப்படுகிறது. 2032 என்னும் எண்ணுடைய கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. கருவி 0.1 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை ஏற்குமாயின் கலம் 2,200 மணி, அதாவது ஏறக்குறைய 3 மாதம் நீடிக்கும். 5 மில்லி ஆம்பியர் ஏற்கும் கருவியில் 44 மணிக்குள் தீர்ந்துவிடும். ஆகவே, வாங்குமுன் மின்னோட்டத்தின் அளவைக் கேட்டறிக. நெடுநாள் பயன்படுத்தாதபோது கலத்தை எடுத்து வைத்தல் நன்று. கலம் தீர்ந்தாலும் இரும்புக் குறிகளைக் கொண்டு பயிற்சியைத் தொடரும் வகையில் பொருத்துதல் அதனினும் நன்று.

துப்பாக்கியின் இயல்பும் ஊரின் இயல்பும்

சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கியின் அதிர்ச்சி .22 ரைபிளினுடையதைவிடச் சிறிது என எண்ணுவது தவறு. உந்து தண்டு முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைக்கிறது. தண்டு உருளையின் முனையில் மோதி நிற்கும்போது முன்னுக்கு உதைக்கிறது. ஒருபுற உதைப்பை மட்டும் எதிர்பார்த்துச் செய்த கருவி இவ்விருபுற அதிர்ச்சியில் விரைவில் பழுதுறும். ஆகவே, வில் துப்பாக்கிக்கு ஏற்றதெனச் செய்தவர் உறுதி கூறும் கருவியையே கொள்க. பிடிப்பின் பின்னால் தடுப்பு முளை ஒன்று இருந்தாலன்றி, குறிகாட்டி தண்டவாளத்தின்மேல் சிறிது சிறிதாக வழுக்கிவிடும்.

தங்கவயலில் ‘சயனைடு மேடு’ எனப்படும் கழிவு மணற் குன்றுகளிலிருந்து வேனிற்காற்றில் நுண்தூள் பறப்பதை அனைவரும் அறிவர். அது பொடியாக்கப்பட்ட பாறை. அதிலுள்ள குவார்ட்சு, கண்ணாடியைவிடக் கடினமானது. துணியால் உலரத் துடைத்தால் கண்ணாடிப் பூச்சு கீறிப்போகும். முதலில் ரப்பர் ஊதியால் தூளை அகற்றி, மென்தூரிகையால் வருடி, இறுதியில் மட்டுமே ஈரமாக்கிய வில்லைத்துணியால் துடைக்கவேண்டும். இத்தகைய இடத்தில், டையோடு திறந்த வெளியில் அமைந்த வகையைக் காட்டிலும், முன்னும் பின்னும் கண்ணாடியால் மூடிய குழல் வகையே நீடித்து உழைக்கும். அதனுள் நைட்ரஜன் நிரப்பியிருப்பின் மழைக்காலத்தில் உட்புறம் பனிக்காது.

சுட்டுச் சரிபார்த்தல்

அங்கீகரிக்கப்பட்ட சுடுதளத்தில், பொறுப்பாளரின் முன்னிலையில், 25 மீட்டர் தொலைவில் மணல்மூட்டைமேல் தாங்கி ஐந்து குண்டுகள் சுடுக. ஒரு குண்டைப் பார்த்துத் திருகைத் திருப்புவது, ஒரு நாள் மழையைக் கொண்டு ஆண்டு மழையைக் கணிப்பது போன்றதாகும். ஐந்தின் நடுவிடத்தைக் கண்டு அதற்கேற்பத் திருத்துக. நடுவிடம் 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பின், ஒரு நிமிடத் திருகை மூன்று சொடுக்குகள் உயர்த்தவேண்டும். பின்னர் குறிகாட்டியைக் கழற்றி மீண்டும் பொருத்தி ஐந்து குண்டுகள் சுடுக. இறுதியாக, ஐம்பது குண்டுகள் சுட்டபின் மறுபடியும் ஐந்து சுடுக. மூன்று கூட்டங்களின் நடுவிடங்களும் ஒத்திருப்பின் கருவி நம்பத்தக்கது. தேதி, தொலைவு, குண்டின் வகை, நடுவிடம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக.

ஆசிரியர் கவனத்திற்கு

அனைத்துலக விதிப்படி நடைபெறும் 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் செம்புள்ளிக் குறிகாட்டிக்கு இடமில்லை. போட்டியை விரும்பும் மாணவர் இரும்புக் குறிகளிலேயே பயில்வது முறை. .22 ரைபிளை வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். ஆற்றல் குறைந்த காற்றுத் துப்பாக்கிகளுக்கு விதிவிலக்கு உண்டு. அதன் வரம்பு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் கூறப்பட்டுள்ளது. பறவைகளையும் விலங்குகளையும் இலக்காகக் கொள்வதை மாணவர்க்குத் திட்டமாக விலக்குக. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் குற்றமாக்குகிறது.

செம்புள்ளி, பார்வைக்கோடு எங்கே செல்கிறது என்பதை மட்டுமே காட்டும். இலக்கின் பின்னால் மண்மேடு உளதா, மனிதர் உளரா என்பதை அது காட்டாது. அதனைக் காணும் பொறுப்பு சுடுபவருடையது.

பயிற்சி வினாக்கள்

1. 3 நிமிடப் புள்ளி 50 மீட்டரில் எத்துணை அளவை மறைக்கும்? விடை: ஏறத்தாழ 44 மில்லிமீட்டர்.

2. 25 மீட்டரில் குண்டுக் கூட்டத்தின் நடுவிடம் 29 மில்லிமீட்டர் இடப்புறம் உள்ளது. ஒரு சொடுக்கு அரை நிமிடம் எனில் எத்தனை சொடுக்குகள், எப்புறம்? விடை: எட்டு, வலப்புறம்.

3. 220 மில்லி ஆம்பியர் மணிக் கலம் 0.2 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தில் எத்தனை நாள் நீடிக்கும்? விடை: ஏறத்தாழ 46 நாள்.